பார்க்காத படத்துக்கு நான் சொன்ன சாட்சி

சினிமாக் கொட்டகை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமார்களே, உங்களில் பலர் என்னைக் காணும்போது கேட்பது ஒரே கேள்விதான். "ஐயா, படம் நல்லாயில்லைன்னா நாம என்ன செய்ய முடியும்? நாமளா எடுத்தோம்?" நியாயமான கேள்வி. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன். படத்தை எடுப்பது பட்டணத்தில். நடிப்பது யாரோ. நம் வேலை டிக்கெட்டைக் கிழிப்பது, விளக்கை அணைப்பது, முடிந்ததும் கதவைத் திறந்துவிடுவது. அதற்கு மேல் நமக்கு என்ன பொறுப்பு?

அந்த நினைப்பை என் மண்டையிலிருந்து பிடுங்கி எறிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஐம்பதுகளின் நடுவில், குமுளியில் நடந்தது. எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் கொட்டகை தகரக் கூரை போட்டது. சுற்றிலும் தார் பூசிய சாக்குப் படுதா தொங்கும். மத்தியானக் காட்சிக்கு அதுதான் இருட்டு. தரையில் கம்பத்திலிருந்து லாரியில் ஏற்றி வந்த ஆற்றுமணல், பின்னால் பெஞ்சும் நாற்காலியும். பெண்களுக்கும் ஆண்களுக்கும் நடுவே இடுப்புயரத் தட்டி. எதிர்ப்பக்கம் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்ததால் எந்தப் படம் ஓடினாலும் ஏலக்காய் மணத்தோடுதான் ஓடும். முதலாளி கம்பத்து ராவுத்தர். மிஷினை ஓட்டுகிற ஆபரேட்டர் செறியான், சங்ஙனாச்சேரிக்காரர். மற்ற எல்லாவற்றுக்கும் நான். குறிப்பாக விளம்பரம். தகரத்தில் செய்த நீளக் குழாய் ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு சந்தையிலும் தொழிலாளிகள் குடியிருக்கும் எஸ்டேட் லயங்களிலும் கூவுவேன். என் பெயர் ஞானமுத்து என்பது பலருக்குத் தெரியாது. எல்லாருக்கும் நான் குழாய்க்காரர்.

அந்த வருஷம் கொட்டகை ஈயடித்துக் கிடந்தது. எங்கள் சனம் என்பது மேலே தேயிலை எஸ்டேட்டில் இருந்தவர்கள்தான். ஏழு மைல் இறங்கி வந்து, படம் பார்த்து, இருட்டுமுன் யானைப் பாதையைத் தாண்டி ஏழு மைல் ஏற வேண்டும். கால் திடமானவர்கள் மட்டும் வருவார்கள். பெண்கள் வருவதே இல்லை. முதலாளி என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: "இன்னும் ஒரு மாசம் பாப்பேன்யா. இப்பிடியே போச்சுன்னா தகரத்தப் பிரிச்சுக் கம்பத்துக்கு எறக்கிருவேன். நீ வேற தொழிலு பாத்துக்க."

வீட்டில் மனைவி எஸ்தர். இரண்டு கைக்குழந்தைகள். வேறு தொழில் எனக்கு என்ன தெரியும்?

அப்போதுதான் அந்தப் பெரிய படம் வருவதாகத் தகவல் வந்தது. பெயர் சொல்லமாட்டேன், எடுத்தவர்களின் பிள்ளைகள் இன்னும் தொழிலில் இருக்கிறார்கள். மூன்று வருஷம் எடுத்தார்களாம். நூறு யானை, கடலில் கப்பல் சண்டை, ஆயிரம் பேர் ஆடும் நடனம். ராஜகுமாரனுக்கும் ஓடக்காரன் மகளுக்கும் காதல். போஸ்டரே ஒரு ஆள் நீளம். படம் வருவதற்கு முன் எங்களுக்கு வருவது போஸ்டரும் பாட்டுப் புத்தகமும் மட்டும்தான். பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். சரியான இடத்தில் நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். அந்த அரைப் பக்கத்தை வைத்துக்கொண்டுதான் எங்கள் தொழிலில் எல்லாரும் ஊரெல்லாம் முழங்குவோம். படத்தைப் பார்த்துவிட்டுக் கூவிய விளம்பரக்காரன் அந்த நாளில் எந்தக் கொட்டகையிலும் இல்லை. அது தப்பென்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

நான் குழாயோடு மேல் டிவிஷன் லயத்துக்குப் போனேன். தண்ணீர்க் குழாயடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆண்கள், நடுவில் பெரிய கங்காணி சுப்பையா அண்ணாச்சி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து அத்தனை குடும்பங்களையும் அழைத்து வந்தவர் அவர். எஸ்டேட் துரை அவர் பேச்சைக் கேட்பார்.

நூறு யானையையும் கப்பலையும் முழங்கி முடித்தேன். துணியைப் பிழிந்துகொண்டே ஒரு பெண் கேட்டாள்.

"கடைசியில ரெண்டு பேரும் சேந்துருவாக. அதான, குழாய்க்காரரே?"

தங்கப்புஷ்பம். நாற்பது வயதிருக்கும். கொழுந்து எடுப்பதில் அந்த டிவிஷனிலேயே வேகமான கை. அதைவிட வேகமான வாய்.

"அதான் இல்ல" என்றேன்.

"அப்ப செத்துருவாகளா?"

"அத இப்பச் சொன்னா எப்பிடிக்கா?"

"நீரு பாத்தீரா?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தம்பிகளே, இல்லை என்று சொல்ல ஒரு மூச்சுதான் பிடித்திருக்கும். ஆனால் முதலாளி சொன்ன ஒரு மாசம் என் கண்முன் நின்றது.

"பாத்தேன். ரெண்டு கண்ணால பாத்தேன். கடைசிப் பாகம் வரைக்கும் அடுத்து என்ன நடக்கும்னு ஒருத்தராலயும் சொல்ல முடியாது. முடிஞ்சா என் காத அறுத்துருங்க."

தங்கப்புஷ்பம் என் காதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கங்காணி அண்ணாச்சி எழுந்தார்.

"ஞானமுத்து கோயிலுக்குப் போற ஆளு. சினிமாக் கொட்டகையில இருந்தாலும் பொய் சொல்ல மாட்டான். நான் தொரகிட்டக் கேட்டு எஸ்டேட்டு லாரிய வாங்குதேன். பொம்பளையாளுகளும் மாசம் ஒரு தடவ பாக்கட்டும்." என் பக்கம் திரும்பினார். "ஆனா வே, நான் என் வாயால கேட்டு வாங்குத லாரி. சனங்க மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரும்பி வந்துச்சுன்னா இனி லாரியும் கெடையாது, ஒம்ம கொட்டகைப் பக்கம் ஒரு குஞ்சும் எறங்காது."

லாரி மாதம் ஒரு தடவை வந்தால் கொட்டகை பிழைத்துவிடும். வராவிட்டால் தகரம் இறங்கிவிடும். அவ்வளவுதான் கணக்கு. நான் ஏழு மைலும் பாடிக்கொண்டே இறங்கினேன்.

அடுத்த ஞாயிறு காலை கோயிலில் ஆராதனை. சபையார் எல்லாரும் சேர்ந்து பத்துக் கட்டளையைச் சொன்னோம். முடிந்து வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது எஸ்தர் மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் படத்த எப்பப் பாத்திய?"

"எந்தப் படம்?"

"ஊரெல்லாம் சொல்லுதாகளே, நீங்க பாத்துட்டதா." குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "எல்லாக் கட்டளைக்கும் ஒங்க குரலு கணீர்னு கேட்டுது. பொய்ச்சாட்சி வரும்போது மட்டும் கேக்கலியே."

 படப்பெட்டி வருகிற பஸ் பதினோரு மணிக்கு என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன்.

பெட்டி பன்னிரண்டுக்குத்தான் வந்தது. மலை ஏறுகிற வழியில் பஸ் சூடாகி நின்றுவிட்டதாம். அதற்குள் லாரி இரண்டு நடை அடித்துவிட்டது. வேறு டிவிஷன்களிலிருந்து நடந்து வந்தவர்கள் வேறு. பெண்கள் தலைக்கு எண்ணெய் வைத்து, சிலர் பெட்டியிலிருந்து எடுத்த கல்யாணச் சேலையில் வந்திருந்தார்கள். கொட்டகை அவ்வளவு நிறைந்து நான் பார்த்ததே இல்லை. முதலாளி என் தோளைத் தட்டினார். செறியான் மிஷின் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ஞானமுத்தே, இது சினிமாக் கொட்டகையா, பெருநாளா?" என்றார். நான் பெருமையோடு பெண்கள் பக்கத் தட்டி ஓரமாகப் போய் நின்றேன். நானும்தான் முதல்முறையாகப் பார்க்கப்போகிறேன். யாருக்கும் இல்லாத ஆசை எனக்கு இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

எங்களிடம் ஒரே மிஷின். ஒரு பாகம் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த பாகத்தை மாட்டி, மறுபடி அணைக்க வேண்டும். இந்தப் படம் பத்துப் பாகம்.

முதல் பாகத்தில் ஆற்றில் வெள்ளம். ராணியின் குழந்தை தொட்டிலோடு அடித்துப் போகிறது. கழுத்தில் பாதிப் பதக்கம். ஒரு ஓடக்காரன் எடுத்து வளர்க்கிறான்.

"இந்தப் புள்ளதான் ராசா மக" என்று தங்கப்புஷ்பத்தின் குரல் இருட்டில் கேட்டது. "கடைசியில அந்தப் பதக்கம் ஒட்டும். பாத்துக்கோங்க."

"சும்மா இருடீ" என்று யாரோ அதட்டினார்கள்.

இரண்டாம் பாகத்தில் பக்கத்து நாட்டு ராஜகுமாரன் வேட்டைக்கு வருகிறான்.

"குதிரையில இருந்து விழுவான்."

விழுந்தான்.

"அவ தண்ணி தெளிப்பா."

தெளித்தாள். மணலில் சிரிப்பு எழுந்தது. பெரிய மீசையை முறுக்கிக்கொண்டு சேனாபதி வந்ததும் அவள் வாய் திறக்கவே வேண்டியிருக்கவில்லை. "இவன்தான் கெடுப்பான்" என்று இருபது குரல் சேர்ந்து சொன்னது.

மூன்றாம் பாகத்தில் நூறு யானை வந்தது. நூறும் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, கடைசி வரைக்கும், ஒரு முழுப் பாட்டு நேரம் நடந்துகொண்டே இருந்தது.

"ஏ குழாய்க்காரரே!" தங்கப்புஷ்பம் என்னைத் தேடித் திரும்பினாள். "ஆனையப் பாக்கவா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தீரு? எங்க லயத்துப் பக்கம் வாரும். வாழையத் திங்க வாரத ஓசியிலயே காட்டுதேன்."

கொட்டகை அதிர்ந்தது. நானும் அந்தச் சிரிப்பில் சேர்ந்திருப்பேன். ஆனால் மூன்றாம் பாகம் முடிந்து விளக்கு வந்தபோது சிரிப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. கல்யாணச் சேலையில் வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்கள் பக்கத்தில் விசில் கிளம்பியது. ஒருவன் எழுந்து மணலை உதறினான். "பத்துப் பாகமும் அவளே சொல்லிருவா. நாம எதுக்கு ஒக்காரணும்?" நாற்காலி வரிசையில் கங்காணி அண்ணாச்சி யாரையும் பார்க்காமல் துண்டை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

தங்கப்புஷ்பம் இப்போது சிரிக்கவில்லை. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நேராக என்னைக் கேட்டாள்.

"ஆறு நாளும் மழையில நின்னு கொழுந்து எடுக்கோம். எங்களுக்குன்னு இருக்குறது இந்த ஒரு நாளு. பாத்தேன்னீரே, நல்லாருக்குன்னீரே. எங்க ஞாயித்துக்கெழமையத் திருப்பித் தருவீரா?"

அந்த ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

நான் மிஷின் அறைக்கு ஓடினேன். முதலாளி அங்கே வியர்த்துக்கொண்டிருந்தார்.

"வெளக்குக்குப் போடுற கார்பன் குச்சி தீந்துபோச்சு, மிஷின் படுத்துக்கிருச்சுன்னு சொல்லி எல்லாரையும் வெளியேத்துய்யா. கலாட்டாவாகிப் படுதாவக் கிழிச்சாய்ங்கன்னா இன்னைக்கே பிரிச்சிருவேன்."

செறியானுக்கு வேறு யோசனை. "அது வேண்டா முதலாளி. ஏழாம் பாகத்த இப்ப இட்டு, நாலாமத்தப் பின்ன இடாம். அப்ப அந்தச் சேச்சி எங்ஙன பறையும்? கதை எனக்கே மனசிலாகாது!"

சிரிக்காதீர்கள். அந்த நேரத்தில் அது எனக்கு அருமையான யோசனையாகத்தான் பட்டது. கதை குழம்பிவிட்டால் நான் சொன்னது நிஜமாகிவிடும் அல்லவா? அடுத்து என்ன நடக்கும் என்று ஒருத்தராலும் சொல்ல முடியாது. செறியான் ஏழாம் பாகத்தின் டப்பாவைக் கையில் எடுத்துவிட்டார்.

பாகம் மாற்றுகிற நேரம் அதிகம் போனால் மூன்று நிமிஷம். வெளியே விசில் கூடிக்கொண்டிருந்தது. நான் படுதாவுக்குப் பின்னால் போய் நின்றேன். முழங்காலிடக்கூட இடமில்லை. "ஆண்டவரே, இந்த வாயால வந்தது. இதை வச்சே தீர்த்துவையும்" என்று மட்டும் சொன்னேன். அப்போது ஒன்று விளங்கியது. முதலாளி சொல்வதும் பொய். செறியான் சொல்வதும் பொய். நான் ஏற்கெனவே சொன்னதும் பொய். என் பொய்யைக் காப்பாற்ற இன்னொரு பொய், அதைக் காப்பாற்ற வேறொன்று வேண்டியிருக்கும். இந்த மத்தியானத்துக்குள் நான் எத்தனை சொல்வேன்?

"செறியான், வரிசை மாறக்கூடாது. நாலாம் பாகத்தையே மாட்டும். நான் சொல்லும்போது விளக்கை அணையும்" என்று கத்திவிட்டு, குழாயை எடுத்துக்கொண்டு திரைக்கு முன்னால் போட்டிருந்த பலகை மேல் ஏறினேன்.

"நான் இந்தப் படத்தப் பாக்கல."

குழாயில் சொன்னதால் ஏலக்காய் ஸ்டோர் வரைக்கும் கேட்டிருக்கும். கொட்டகை அடங்கியது. மிஷினுக்குக் கரண்டு கொடுக்கும் இன்ஜின் வெளியே ஓடுகிற சத்தம் மட்டும்.

"பாத்தேன்னு லயத்துல வந்து சொன்னது பொய். பாட்டுப் புத்தகத்துல இருந்த அரப் பக்கந்தான் படிச்சேன். இன்னைக்கு ஒங்களோடதான் நானும் மொதத் தடவ பாக்குதேன். எனக்கும் ஏமாத்தமாத்தான் இருக்கு. கங்காணி அண்ணாச்சி என்னைய நம்பி லாரி கேட்டாக. அவுக மேல தப்பில்ல. தப்பு என்னது."

"அட பொய்க்காரா!" என்று மணலிலிருந்து ஒரு குரல்.

"ஆமா" என்றேன். "போக நெனைக்கிறவுக இப்பவே போகலாம். லாரி வெளிய நிக்குது. கையில இருக்க துண்டு டிக்கெட்டோட அடுத்த படத்துக்கு வாங்க, உள்ள விடுதேன்." பின்னாலிருந்து முதலாளி மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. "இருக்க நெனைக்கிறவுகளுக்கு ஒண்ணு சொல்லுதேன். இன்னும் ஏழு பாகம் இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் முன்னால தங்கப்புஷ்பம் அக்கா இந்தப் பலகையில ஏறி, என்ன வரப்போகுதுன்னு சொல்லட்டும். அப்புறம் நாம பாப்போம். படம் செயிக்குதா, அக்கா செயிக்குதாகளா?"

நான் குழாயைப் பெண்கள் பக்கம் நீட்டினேன். 

"என்னையவா மேடைக்குக் கூப்புடுதீரு?" என்றாள் தங்கப்புஷ்பம்.

"போடி புஷ்பம்!" என்று அவளுக்குப் பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள். "போக்கா! போக்கா!" என்று பெண்கள் பக்கம் முழுவதும் கிளம்பிவிட்டது. அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு மணலைத் தாண்டி வந்து பலகையில் ஏறினாள். குழாயைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எந்தப் பக்கம் வாய வைக்கணும்?"

கொட்டகை வெடித்தது. இந்தத் தடவை சிரிப்பு நல்ல சிரிப்பு. எனக்கு அது உடனே தெரிந்தது. உங்களுக்கும் போகப் போகத் தெரியும்.

"கேளுங்க எல்லாரும்! ராசாவுக்குச் சேதி போவும். ராசா மகனக் கூப்புட்டு, ஓடக்காரன் மவளையா கட்டப்போறன்னு குதிப்பான். மகன் கிரீடத்தக் கழத்தி வச்சிட்டுப் போயிருவான். சரியா? வெளக்க அணைங்க!"

செறியான் அணைத்தார். ராஜா குதித்தார். மகன் கிரீடத்தைக் கழற்றியபோது எழுந்த கைதட்டல் அந்த நடிகருக்கு வாழ்நாளில் கிடைத்திருக்காது.

அதற்குப் பிறகு நான் செய்ய வேண்டியது எதுவுமே இருக்கவில்லை. ஐந்தாம் பாகத்துக்கு முன்னால் ஏலக்காய்க் கடைக்காரர் ஒருவர் பெஞ்சிலிருந்து எழுந்து, "அந்தம்மா சொல்றது சரியில்ல. சேனாபதி பொண்ணத் தூக்க மாட்டான், அப்பனத்தான் தூக்குவான்" என்று எதிர்க்கட்சி ஆரம்பித்தார். பெஞ்சு ஒரு கட்சி, மணல் ஒரு கட்சி. சேனாபதி பெண்ணைத்தான் தூக்கினான். மணல் எழுந்து ஆடியது. ஆறாம் பாகத்தில் கப்பல் சண்டை. "கப்பலு ஒடையும், இவன் பலகையப் புடிச்சு மெதப்பான்" என்றாள். மிதந்தான். கிளம்பலாம் என்று மணலை உதறியவன் கழுத்தை நீட்டிக்கொண்டு முன்வரிசைக்கே வந்துவிட்டான். போனவர் என்று ஒருவர்கூட இல்லை.

எட்டாம் பாகத்தில்தான் அவள் தோற்றாள். ராஜகுமாரனின் குதிரை அம்பு பட்டு விழுகிறது. "குதிர செத்துரும். அது மேல விழுந்து அழுவான், ஒரு பாட்டு உண்டு" என்று அடித்துச் சொல்லியிருந்தாள். குதிரை கொஞ்ச நேரம் கிடந்தது. ராஜகுமாரன் அழ வாயைத் திறந்தான். குதிரை எழுந்து நின்று உடம்பைச் சிலுப்பியது.

அந்தக் கூச்சலை எப்படி எழுதுவது? பெஞ்சுக்காரர்கள் பெஞ்சு மேல் ஏறினார்கள். ஏலக்காய்க் கடைக்காரர் துண்டைச் சுழற்றினார். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது தங்கப்புஷ்பம்தான். "நல்லவேள பொழைச்சிது!" என்று மார்பில் கைவைத்துக்கொண்டாள். மூன்று வருஷம் எடுத்த அந்தப் படத்தில் யாரும் எதிர்பாராத ஒரே காரியம் அந்தக் குதிரை பிழைத்ததுதான்.

கடைசிப் பாகம். விளக்கு வந்தது. தங்கப்புஷ்பம் பலகையில் ஏறினாள். எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் குழாயை வாயில் வைக்கவில்லை. என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"இத நான் சொல்ல மாட்டேன்."

"ஏங்க்கா? தெரியலியா?" என்று பெஞ்சிலிருந்து கேலி.

"ஒமக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? பதக்கம் ஒட்டும், கல்யாணம் நடக்கும்." அவள் திரையைப் பார்த்துத் திரும்பினாள். "மத்தியானத்துல இருந்து நம்மகூட இருக்குற புள்ள. வெள்ளத்துல போச்சு, கப்பல்ல போச்சு, செறையில கெடந்துச்சு. அதுக்கு இப்பத்தான் ஒரு நல்லது நடக்கப் போவுது. நம்ம சத்தம் போட்டுக் கெடுக்கப்படாது. சும்மா பாப்போம்."

தம்பிகளே, நாற்பது வருஷம் கொட்டகையில் இருந்துவிட்டேன். அந்தக் கடைசிப் பாகத்தைப் போல் ஒரு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. பதக்கம் ஒட்டியது. எல்லாருக்கும் தெரிந்தபடியே ஒட்டியது. பெண்கள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ராஜகுமாரன் தாலியைக் கையில் எடுத்தபோது தங்கப்புஷ்பம் இருந்த இடத்திலிருந்து ஒரு குலவை எழுந்தது. அடுத்த கணம் பெண்கள் பக்கம் முழுக்கக் குலவை. யாரோ கொண்டையிலிருந்த பூவை எடுத்துத் திரை மேல் எறிந்தார்கள். ராஜா வீட்டுக் கல்யாணத்துக்கு அந்த ஆயிரம் நடனக்காரர்களும் செய்யாத சிறப்பை எங்கள் கொழுந்தெடுக்கும் பெண்கள் செய்தார்கள். நான் தட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மிஷின் அறைத் துவாரத்தில் செறியானின் கண்ணும் பளபளத்தது. "புகைதான்" என்று பின்னால் சொன்னார்.

படம் நல்லதாகிவிட்டதா? இல்லை. அது சப்பைப் படம்தான். அன்று போலவே இன்றும் சொல்வேன். அதை நல்ல படம் என்று கடைசி வரைக்கும் நான் சாதித்திருந்தால் அது கொட்டகையையும் சேர்த்து மூழ்கடித்திருக்கும். சப்பை என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் எல்லாரும் சேர்ந்து அதைப் பார்க்க முடிந்தது. நம் தொழிலில் படம் கெட்டுப்போவது அடிக்கடி நடக்கும். அதை நாம் தடுக்க முடியாது. சனத்துக்கும் நமக்கும் நடுவில் இருப்பது கெடாமல் பார்த்துக்கொள்வது மட்டும் நம் கையில் இருக்கிறது.

அதன்பின் நான் பார்க்காத படத்துக்குக் குழாய் ஊதியதில்லை. பெட்டியை முன்னாலேயே வரவழைத்து, முதலில் நாங்கள் பார்ப்போம். தங்கப்புஷ்பம் அக்காவுக்கும் அவள் கூட வருகிற இரண்டு பெண்களுக்கும் ஒரு வரிசை உண்டு. அவள் சொல்வதை அப்படியே லயத்தில் போய்ச் சொல்வேன். "பாட்டு நல்லாருக்கு, கத சுமாரு, தூங்குறவுக அஞ்சாம் பாகத்துல தூங்கிக்கிடலாம்" என்றுகூடக் கூவியிருக்கிறேன். அதற்கும் கூட்டம் வந்தது. பிறகு பிறகு மதுரையிலிருந்து படம் கொடுக்கிறவர்களே, "குமுளியில அந்தம்மா என்ன சொல்லுச்சு?" என்று கேட்டு ஆள் அனுப்புகிற நிலைமை வந்தது. தகரக் கூரை போய் ஓட்டுக்கூரை வந்தது. முதலாளி கடைசி வரைக்கும் கம்பத்துக்கு இறக்கவில்லை.

அந்த மத்தியானத்தின் மீதியைச் சொல்லாமல் விட்டால் கணக்குத் தீராது.

கூட்டம் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. மலையில் மூடுபனி இறங்க ஆரம்பித்திருந்தது. பெண்கள் சேனாபதியின் மீசையைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் லாரிக்குப் பக்கத்தில் போய்க் கங்காணி அண்ணாச்சி முன்னால் கைகட்டி நின்றேன். முன்பக்கக் கதவைப் பிடித்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என் பேரக் கெடுத்துட்டீரே வே."

"ஆமா அண்ணாச்சி."

"கோயிலுக்குப் போற ஆளுன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன்."

"ஆமா."

"தொர கேட்டா நான் என்ன சொல்ல?"

"படம் நல்லால்லன்னு உள்ளதச் சொல்லிருங்க அண்ணாச்சி."

லாரிக்குள்ளிருந்து தங்கப்புஷ்பம் தலையை நீட்டினாள். "அண்ணாச்சி, அந்தாளோட காத அறுக்கணும்னு பேச்சு. அத விட்டுராதிய!"

லாரியே சிரித்தது. அண்ணாச்சிக்கும் மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு கேட்டார்.

"சரி. அடுத்த மாசம் என்ன படம்?"

பெயரைச் சொன்னேன். அதற்கும் போஸ்டர் வந்திருந்தது. பாட்டுப் புத்தகமும் வந்திருந்தது.

"எப்பிடி இருக்கும்?"

காலையில் சபையில் என் குரல் கேட்காமல் போன கட்டளை நினைவுக்கு வந்தது. இப்போது குரல் வந்தது.

"தெரியாது அண்ணாச்சி. நான் இன்னும் பாக்கல."

 அவர் உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"அப்பச் சரி" என்றார். "லாரி வரும்."